அக்காவுக்குத் தராத கதை

உண்ணாமலைக்கு எழுத்து வராது. கையெழுத்துக்கூடக் கிடையாது, பெருவிரல்தான். ஆனால் தம்பியின் கதை அச்சான பத்திரிகை எது வந்தாலும் அவளுக்கு ஒன்று வந்து சேர்ந்துவிட வேண்டும். வாங்கிக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் அடுக்கி வைப்பாள். கற்பூரம் வாங்க வருகிறவர்களிடம் ஒன்றை உருவிப் பிரித்து, "இதோ பாருங்க, இது நம்ம மணி எழுதுனது" என்று விரல் வைத்துக் காட்டுவாள். விரல் பாதி நேரம் தலைவலித் தைல விளம்பரத்தின் மேல் இருக்கும். யாரும் திருத்தியதில்லை. திருத்தினவனுக்கு அன்றைக்குக் கற்பூரம் கிடைத்திருக்காது.

அடி அண்ணாமலையில், மலை சுற்றுகிறவர்கள் போகும் பாதையை ஒட்டி அவள் கடை. அகல் விளக்கு, திரி, கற்பூரம், வாழைப்பழம், சோடா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெளியூர் ஜனம் குவிய ஆரம்பித்த வருஷங்கள் அவை. மாதத்தில் அந்த ஒரு நாள் வியாபாரத்தில் மிச்ச நாட்கள் ஓடிவிடும். புருஷன் சடையன் பின்பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டைக் கடலை போட்டு, மழை பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை என்று இருந்தார். பேச்சு கம்மியான மனுஷன்.

தம்பி சுப்பிரமணிக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வேலை, அங்கேயே வீடு. கதை எழுதுவான். நல்ல பெயர்தான். ஆனால் அவன் எழுதுகிற பத்திரிகைகளை முந்நூறு பேர் படித்தால் பெரிய விஷயம். அந்த முந்நூறிலும் முக்கால்வாசி பேர் அவனைப் போலவே கதை எழுதுகிறவர்கள். இவன் கதையை அவர்கள் பாராட்ட, அவர்கள் கதையை இவன் பாராட்ட, காலம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதைக் கெடுத்தவள் உண்ணாமலை.

"இம்மாம் எழுதி இன்னாடா பிரயோசனம்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். "உன் அக்காளுக்கே நீ இன்னா எழுதறேன்னு தெரியாது. கண்ணு இருக்கறவன்தான் படிக்கணுமா? வாயால சொன்னா நாங்க கேக்கமாட்டமா?"

அவன் சிரித்தான். ஆனால் சொல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அடுத்த மாதமே செங்கம் ரோட்டில் மைக்செட் கடை வைத்திருந்த அர்ஜுனனைப் பிடித்தான். கல்யாணம் காதுகுத்து இல்லாத நாட்களில் கடைக் கதவைச் சாத்தி, சுவரெல்லாம் ஜமக்காளம் தொங்கவிட்டு, இரண்டு பேரும் உட்கார்ந்து கதைகளைக் கேசட்டில் பதிந்தார்கள். மொத்தம் ஆறு கதை. அட்டையில் 'கேட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள்' என்று அச்சடித்து, சலூன், தையற்கடை, டீக்கடை, செக்கு மில் என்று சும்மாவே கொடுத்துவிட்டு வந்தான். என்ன அதிசயமோ, ஜனம் கேட்டது. பாட்டுக் கேட்டுக்கொண்டே துணி தைத்தவர்கள் இப்போது கதை கேட்டுக்கொண்டே தைத்தார்கள். ஒரு கேசட் போளூர் வரைக்கும் போய்விட்டது என்றார்கள், இன்னொன்றை யாரோ பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். தெருவில் போகும்போது முன்பின் தெரியாதவர்கள், "சார், உங்க குரல கேட்டிருக்கேன்" என்று நிறுத்திப் பேசினார்கள். இருபது வருஷம் எழுதிக் கிடைக்காதது அது. அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவன் கதை நன்றாயிருந்தது ஒரு காரணம். அவன் படித்த விதம் இன்னொரு காரணம். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அடுத்தவர் மாதிரி பேச வரும். வாத்தியார், கர்ணம், பக்கத்து வீட்டுக் கிழவர் யாரும் தப்பியதில்லை. அக்காவைப் போலப் பேசிக் காட்டி அக்காவையே சிரிக்க வைப்பான். காகிதத்தில் அந்த வித்தைக்கு வேலை இல்லை, கேசட்டில் இருந்தது.

அக்காவுக்கும் ஒரு கேசட் கொண்டுவந்து கொடுத்தான். உடனே இல்லை, அவள் நாலைந்து தடவை நச்சரித்த பிறகு. அவள் கடையில் டேப் ரெக்கார்டரில் போட்டுக் கேட்டு, கேட்டு, கேட்டு, எந்த இடத்தில் அவன் மூச்சு வாங்குகிறான் என்பது வரை மனப்பாடம் செய்துவிட்டாள். பஸ்ஸைத் தவறவிட்ட மணப்பெண் கதைக்கு ஒவ்வொரு தடவையும் அழுதாள். இரண்டாம் பக்கம் மட்டும் பாதியிலேயே முடிந்து, மிச்ச டேப் 'உஸ்'ஸென்று வெறுமனே ஓடும். அதையும் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள், ஏதாவது வராதா என்று.

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மேலே போக முடியாது.

உண்ணாமலைக்கும் சடையனுக்கும் ஒரு பிள்ளை இருந்தான். பிரகாஷ். மூன்று வயதில் போய்விட்டான். அதற்கப்புறம் அவள் வயிறு திறக்கவில்லை. பிள்ளை செத்தது ஒரு கார்த்திகை தீபத்தன்று. அப்போது சடையன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். தந்தி கிடைத்து, பஸ் பிடித்து, அவர் வந்து சேருவதற்குள் புதைத்தாகிவிட்டது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கடைசியில இன்னா கேட்டான்?"

"தண்ணி கேட்டாங்க" என்றாள் உண்ணாமலை. "குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சான். எம் மடியிலதான் போனான். சிரமப்படல."

சடையன் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு பெங்களூர் பக்கம் அவர் போகவே இல்லை. வருஷா வருஷம் தீபம் ஏற்றின பிறகு, மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, "எங்க, சொல்லு" என்பார். அவள் சொல்லுவாள். தண்ணி கேட்டது, இரண்டு வாய் குடித்தது, மடி. ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். "உன் மடியிலதானே போச்சு, அது போதும்" என்பார். எழுந்து போய்ச் சாப்பிடுவார். அந்த மனுஷனைத் தூக்கி நிறுத்தி வைத்திருந்ததே அந்த வார்த்தைதான்.

அது பொய்.

அந்தக் காலத்தில் பௌர்ணமிக்கு ஏது கூட்டம்? வருஷத்தில் தீபத்தன்றுதான் நாலு காசு பார்க்க முடியும். பிள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அப்பன் ஆத்தாள் இல்லாத தம்பி அவள் வீட்டில் தங்கித்தான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். அவனைப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஒடம்பு ஜாஸ்தி சுட்டா டாக்டர் கிட்ட தூக்கிக்கினு ஓடு. தண்ணி கேட்டா குடு. எங்கியும் போகாத" என்று சொல்லிவிட்டு, விளக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டாள். அவன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். சேக்காளிகள் வந்து கூப்பிட்டார்கள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. தீபத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று கிளம்பினவனைக் கூட்டம் இழுத்துக்கொண்டு போயிற்று. அரோகரா என்று ஊரே கத்திக்கொண்டிருந்தபோது உண்ணாமலை வெறுங்கூடையோடு வீட்டுக்கு வந்தாள். பிள்ளை பாயைவிட்டுத் தள்ளிக் கிடந்தான். லோட்டா கவிழ்ந்து கிடந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது.

தம்பி வந்து பார்த்துவிட்டு அவள் காலைக் கட்டிக்கொண்டான். "மாமாகிட்ட சொல்லாதக்கா. செத்துருவேன்கா" என்று அழுதான். ஒரே நாளில் பிள்ளையையும் தம்பியையும் விட அவளுக்குத் தெம்பு இல்லை. சொல்லவில்லை. புருஷனிடம் மட்டுமல்ல, ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர்கள் இரண்டு பேருக்குள்ளும் அதைப் பற்றி அப்புறம் பேச்சே கிடையாது.

இப்போது கேசட்டுக்கு வருவோம். சித்திரை மாதம், பௌர்ணமிக்கு முந்தின வாரம், செங்கம் ரோட்டுத் தையற்கடை சரசு வாழைப்பழம் வாங்க வந்தாள்.

"உன் தம்பி கதைய கேட்டு நான் அழுததுல பிளவுஸ்ஸ தப்பா வெட்டிட்டேன்" என்றாள். "அந்தக் கடைசிக் கதை. தீபத்தன்னிக்கு ஒரு பொம்பளை புள்ளைய பறிகுடுக்கறாளே, அது."

"அந்த மாதிரி கதை இல்லையே" என்றாள் உண்ணாமலை.

"இருக்குதே. ஆறாவது. அதுதான் ஊரெல்லாம் பேசறாங்க. பாதிதான் கேட்டேன், அதுக்குள்ள அடுத்த கடைக்காரன் வந்து வாங்கிக்கினு பூட்டான்."

சரசு போன பிறகு உண்ணாமலைக்கு வேலை ஓடவில்லை. தன் கேசட்டில் அந்தக் கதை ஏன் இல்லை என்று யோசித்தாள். அக்கா அழுவாள் என்றுதான் எடுத்துவிட்டிருப்பான் என்று அவளே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டாள். நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிரகாஷை ஊரில் யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. போட்டோகூட இல்லை. அவன் வைத்திருக்கிறான், கதையில் வைத்திருக்கிறான். எதை எழுதியிருப்பான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தண்ணி, இரண்டு வாய், மடி. அவள் சொல்லிச் சொல்லி அதுதானே நடந்தது என்று ஆகிப்போயிருந்தது. வேறு எதையாவது அவன் எழுதுவானா? காலைப் பிடித்துக்கொண்டு சொல்லாதே என்றவனே அவன்தானே.

பௌர்ணமிக்குப் பாதை நெடுக வயர் இழுத்து, மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி கட்டுவது அர்ஜுனன்தான். ஏணியோடு வந்தவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அர்ஜுனா, பக்திப் பாட்டுக்கு நடுவுல எந்தம்பி கதைய ஒண்ணு போடுப்பா. அந்தக் கடைசிக் கதை."

"தாராளமா போடலாம்கா. பொழுது சாயறப்ப போடறேன், அப்பத்தான் ஜனம் ஜாஸ்தி."

வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம், "மணி நம்ம பிரகாஷைப் பத்திக் கதை எழுதி இருக்கானாம். மைக்ல போடப் போறாங்க. வந்து கேளுங்க" என்றாள். சடையன் கூட்டம் என்றாலே ஒதுங்குகிறவர். அன்றைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கடைக்குள் உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தார். அவள் அவருக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தாள்.

பொழுது சாய்ந்தது. பாட்டு நின்றது. சுப்பிரமணியின் குரல் புளியமரத்திலிருந்து வந்தது. மலையைப் பற்றி இரண்டு வரி. கூட்டத்தைப் பற்றி இரண்டு வரி. அப்புறம் கதையில் வருகிற பெண் பேசினாள்.

"வாங்க சாமி வாங்க, வௌக்கு வாங்கினா திரி சும்மா, அண்ணாமலையான் பேர சொல்லி வாங்குங்க."

எதிரே பூ விற்றுக்கொண்டிருந்த மணியம்மாள் சிரித்துவிட்டாள். "ஏ உண்ணாமலை, நீ பேசற மாதிரியே இருக்குதே" என்றாள். அது உண்ணாமலையின் குரல், உண்ணாமலையின் இழுப்பு, அவள் இத்தனை வருஷம் கூவி விற்ற அதே வார்த்தை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்கு வெட்கமும் பெருமையும் தாங்கவில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவரும் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அச்சில் படித்த முந்நூறு பேருக்கு அவள் யாரோ ஒருத்தி. வேறு பெயர், வேறு தெரு. குரல் வந்ததும் அத்தனை மறைப்பும் போய்விட்டது. இதை அந்த எழுத்தாளன் யோசிக்கவே இல்லை. நன்றாகப் படிக்க வேண்டும் என்பதை மட்டும் யோசித்தான்.

கதையில் அந்தப் பெண் காய்ச்சல்காரப் பிள்ளையைப் பாயில் போட்டாள். பக்கத்தில் லோட்டாவில் தண்ணீர் வைத்தாள். கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

உண்ணாமலைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கடையைவிட்டு இறங்கி ஓடினாள். அர்ஜுனன் ஆம்ப்ளிஃபையரோடு எங்கேயோ தூரத்தில் இருந்தான். ஒலிபெருக்கி மரத்தின் உச்சியில் இருந்தது. அடுத்த மரத்திலும் அதே குரல், அதற்கடுத்த மரத்திலும் அதே குரல். மலை சுற்றுகிறவர்கள் ஆளுக்கொரு துண்டு கதையைக் கேட்டு உச்சுக்கொட்டியபடி நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். "இன்னா ஆத்தா அவ, வியாபாரமா பெருசு" என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே அவளைத் தாண்டிப் போனாள். பிள்ளை தண்ணிக்குக் கையை நீட்டியதையும், லோட்டா கவிழ்ந்ததையும், மேலே மலை பற்றி எரிந்தபோது கீழே ஒரு வீடு இருண்டு கிடந்ததையும் அவன் ரொம்ப அழகாகப் படித்தான். பாவி, அவ்வளவு அழகாகப் படித்தான்.

அவள் திரும்பி வந்தபோது மணியம்மாள் சிரிக்கவில்லை. குனிந்து பூவைக் கட்டிக்கொண்டிருந்தாள். உப்பு மூட்டை மேல் சோடா பாட்டில் இருந்தது, சடையன் இல்லை.

தீபத்தை விட்டால் வருஷத்திலேயே பெரிய கூட்டம். உண்ணாமலை கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மடியிலன்னு சொன்னியே" என்றார்.

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் சுப்பிரமணி வண்டியில் வந்து இறங்கினான். அர்ஜுனன் சொல்லியிருக்கிறான். நேராகப் பின்பக்கம் கிணற்றடிக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, அது கதைக்கா. அது நீ இல்ல. உன் கேசட்ல நான் எடுத்துட்டுத்தானே குடுத்தேன்? நீ ஏன்கா அவன்கிட்ட போடச் சொன்னே?"

"ஆமா, எந்தப்புதான்" என்றாள் உண்ணாமலை. அவள் குரல் உயரவில்லை. "ஒண்ணு மட்டும் கேக்கறேன். பாய் இருந்துது, லோட்டா இருந்துது, கூடை இருந்துது. பாய்க்குப் பக்கத்துல ஒரு பையன் ஒக்காந்து இருந்தானே, அவன் எங்கடா?"

அவன் மண்ணைப் பார்த்தான்.

"முதல்ல எழுதும்போது இருந்தான்கா. அவனும் இருந்தா குத்தம் ரெண்டு பேர் மேல போயிடுது. கதை ஒருத்தர் மேலதான் நிக்கணும். அதான் எடுத்துட்டேன்."

உண்ணாமலை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் தெரியாமல் செய்யவில்லை. உட்கார்ந்து யோசித்து, கதையிலிருந்து தன்னை அடித்துவிட்டு, அவளை மட்டும் விட்டிருக்கிறான்.

"போளூருக்குச் சொன்னே, பெங்களூருக்குச் சொன்னே" என்றாள். "உள்ள உங்க மாமா இருக்காரு. அவருகிட்ட சொல்லு. நடந்தத சொல்லு. மடியில போகலன்னு தெரிஞ்சு போச்சு, வேணும்னே போட்டுட்டுப் போகலன்னாவது அவருக்குத் தெரியட்டும்."

அவன் போனான். அவளும் பின்னாலேயே போய்க் கதவருகே நின்றாள். சடையன் நிமிர்ந்து பார்த்து, எப்போதும் போல, "வா மணி, ஒக்காரு" என்றார். அவன் உட்காரவில்லை.

"கதை கேட்டேன்" என்றார். "ராத்திரி படுத்துகினு யோசிச்சேன். நீ அப்போ நம்ம வூட்டுலதானே தங்கிப் படிச்சிகினு இருந்தே?"

"ஆமா மாமா."

"தீபத்தன்னிக்கு காலேஜ் கெடையாதே."

சுப்பிரமணி திரும்பி அக்காவைப் பார்த்தான். தலையில் நரை விழ ஆரம்பித்த ஆள், கலெக்டர் ஆபீஸ் கிளார்க், ஊர் ஊருக்கு அவன் குரல் தெரியும். அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுத காலேஜ் பையனின் பார்வைதான் அப்போதும் அவன் கண்ணில் இருந்தது.

அவள் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், மிச்சத்தை நான் சொல்லிக்கொள்கிறேன் என்றுதான் நின்றாள். வெளியே ஒரு பஸ் போயிற்று. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தாங்க அவனத் தீபம் பாக்க அனுப்பி வெச்சேன்" என்றாள் உண்ணாமலை. "சின்னப் பையன். ஆசைப்பட்டான். நான் சீக்கிரம் வந்துருவேன்னு சொல்லி அனுப்பிட்டேன். வரல."

சுப்பிரமணி தலையைத் தூக்கவே இல்லை. இல்லை என்று அவன் சொல்லவில்லை.

"நீதான் அனுப்பினியா" என்றார் சடையன்.

"ஆமாங்க."

அவர் வெகு நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளையும் பார்க்கவில்லை, மச்சானையும் பார்க்கவில்லை.

"அப்போ, கடைசியில புள்ள தண்ணி கேட்டானா, கேக்கலையா, அதுகூட யாருக்கும் தெரியாது."

"தெரியாதுங்க" என்றாள் உண்ணாமலை.